சங்கரன்கோவிலில் மனை வாங்கினா லாபமா?

இந்த எபிசோட் சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்த்துக்கிட்டு, ஊர்ல ஒரு மனை வாங்கிப் போடலாம்னு யோசிக்கிறவங்களுக்கு. "மாவட்டம் பிரிச்சாச்சு தம்பி, இனிமே விலை ஏறும்"னு வீட்ல சொல்லியிருப்பாங்க. சங்கரன்கோவிலை வச்சே பார்ப்போம்.

2019 நவம்பர் 22-ல தென்காசி மாவட்டம் வந்துச்சு. ஆனா கலெக்டர் ஆபீஸ் தென்காசியில. சங்கரன்கோவில் அந்த மாவட்டத்துல ஒரு தாலுகா. இந்த ஊரோட பலம் விசைத்தறி, சங்கரநாராயணர் கோவில், ரயில். இங்கயே பிழைச்சு, இங்கயே வீடு கட்டப் போறவங்கதான் நாளைக்கு உங்க மனையை வாங்குவாங்க. அவங்க குடிவர விரும்பாத இடத்துல மனை மலிவா கிடைச்சாலும் விற்கிறது கஷ்டம்.

இப்ப கணக்கு. மனை 10 லட்சம்னு வைங்க. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முதல் நாளே 90,000 ரூபாய் போச்சு. உங்க முதலீடு 10.9 லட்சம். அதே பணத்தை 7 சதவீத வட்டியில போட்டா அஞ்சு வருஷத்துல சுமார் 15.3 லட்சம் ஆகும். அதுக்கு மேல விலை போனாத்தான் மனை லாபம். வெறும் மனைக்கு வாடகையும் வராது.

அடுத்தது பத்திரம். 2016 அக்டோபர் 20-க்கு அப்புறம் அங்கீகாரம் இல்லாம புதுசா பிரிச்ச மனையைப் பதிவு பண்ண முடியாது. அதனால நகர் ஊரமைப்பு இயக்ககத்தோட அங்கீகார எண்ணைக் கேளுங்க. எட்டு மனைக்கு மேல இருக்கிற பெரிய லேஅவுட்னா ரெரா பதிவும் வேணும். வில்லங்கச் சான்றை பதிவுத்துறை இணையதளத்துலயே எடுக்கலாம். பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்த்து, தாய்ப் பத்திரத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. கோவில் ஊர்ல இன்னொண்ணும் முக்கியம்: அது கோவில் நிலமா இருந்தா, அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாம வித்தது செல்லாது.

"இன்னைக்கே அட்வான்ஸ் கொடுங்க"ன்னு புரோக்கர் அவசரப்படுத்தினா, ஒரு வாரம் டைம் கேளுங்க. நல்ல மனை இன்னொண்ணு கிடைக்கும். அப்பா அம்மா சேர்த்து வச்ச காசு போனா, திரும்ப வர்றது கஷ்டம்.