எல்லை மலைகளின் வண்ணத்துப்பூச்சிகள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இரயில் வண்டி, இருபுறமும் மலைகள் விலகி நிற்கும் ஓர் அகன்ற வாயிலைக் கடந்து செல்கிறது. வடக்கே நீலகிரியைச் சார்ந்த மலைகள். தெற்கே ஆனைமலைத் தொடர். இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இப்பாலக்காட்டுக் கணவாயைப் பிழைப்பின் பொருட்டுக் கடந்து சென்ற தமிழர் பலர். காற்றுக்கும் மனிதருக்கும் வழிவிடும் இக்கணவாய், சில சிற்றுயிர்களுக்கு மட்டும் வேலியாக அமைந்துள்ளது.

மலைப் பகுதிகளில் வாழும் பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளுள், இறகில் கண் போன்ற புள்ளிகளையுடைய இரண்டு இனங்கள் உண்டு. பார்வைக்கு உடன்பிறந்தவை போலத் தோன்றும். அறிவியலார் 'அடால்பி' எனப் பெயரிட்டது பெரும்பாலும் கணவாய்க்கு வடக்கே வாழ்கிறது. 'ஆக்குலஸ்' எனப்படுவது தெற்கே வாழ்கிறது. குளிர்ந்த மலைக்குப் பழகிய இவற்றுக்கு, இடையிலுள்ள வெப்பச் சமவெளி ஒரு கடலைப் போன்றதே.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 330 வகை வண்ணத்துப்பூச்சிகள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. இத்தனை வகைகள் எவ்வாறு அமைந்தன? இதற்கு விடை காண, இறகுகளின் அழகை விட்டுப் புழுவின் உணவை நோக்குதல் வேண்டும். வளர்ந்த பூச்சி பல மலர்களின் தேனை உண்ணும். புழுவோ அவ்வாறன்று. பெரும்பாலான இனங்களின் புழுக்கள் ஒன்றிரண்டு செடிகளின் அல்லது ஒரே குடும்பச் செடிகளின் இலையை மட்டுமே உண்ணும். அச்செடி இல்லையேல் அப்பூச்சியும் இல்லை. ஆகவே நிலமும் மழையும் மாறுந்தோறும் செடி மாறுகிறது. செடி மாறுந்தோறும் பூச்சியும் மாறுகிறது.

பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, என்றும் பசுமை மாறாத மழைக்காடு. அங்கு அமையவிருந்த நீர்மின் திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. இத்தகைய காடுகளில் 14 முதல் 19 சென்டிமீட்டர் வரை இறகு விரிக்கும் பெரிய கறுப்பு மஞ்சள் அழகன் ஒருவன் உலவுகிறான். அவன் புழு ஈசுரமூலியின் குடும்பத்துச் செடி கொடிகளையே உண்ணும். அவற்றின் நச்சு உடலில் தங்குவதால், பறவைகள் அவனைத் தீண்ட அஞ்சும். கேரளம் 2018இல் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த 'புத்தமயூரி', மலையாளத்தில் முள்ளிலம் எனப்படும் முள்மரத்தை நம்பி வாழ்வது. தமிழ்நாடு 2019இல் தேர்ந்தெடுத்த 'தமிழ் மறவன்' நீரடிமுத்து மரத்தின் இலையில் வளர்வது. முற்காலத்தில் தொழுநோய்க்கு மருந்தெண்ணெய் தந்த மரம் அது.

தெற்கே இடுக்கி மாவட்டத்தில் காட்சி வேறு. ஆனைமுடி நிமிர்ந்து நிற்கும் இரவிகுளத்தில் புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி அமைந்துள்ளன. 'நீலகிரிப் புலி' எனப்படும் கருங்கோட்டு வண்ணத்துப்பூச்சி அச்சோலைகளுக்கு உரியது. அங்கிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டையை நோக்கி இறங்கினால் சின்னாறு. மழைமறைவில் அமைந்த இப்பகுதியில் முட்புதர்களே மிகுதி. ஆயினும் இதனை வறண்ட வெற்றிடம் என்று எண்ணுவது தவறாகும். விழுதி, ஆதண்டை போன்ற புதர்ச்செடிகளே, இறகு நுனியில் செந்நிறம் தீட்டிய வெள்ளைப் பூச்சிகளுக்குத் தொட்டில். மழைக்காட்டில் அவற்றைத் தேடினால் கிடையா.

இவ்விடங்களை இணைக்கும் ஒரு பெரும்பயணமும் உண்டு. நீலப்புலி, கருநீலப்புலி, காக்கைப்பூச்சி முதலிய இனங்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மலையை விட்டுக் கீழைச் சமவெளிகளுக்குப் பறக்கின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அவ்வினத்தவை மீண்டும் மேற்கே திரள்கின்றன. வழியில் வாடிய கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் ஆண்பூச்சிகள் மொய்த்து, தற்காப்புக்கும் துணையை ஈர்க்கும் மணத்துக்கும் வேண்டிய பொருளை உறிஞ்சும். சமவெளியில் நாம் களை என்று பிடுங்கியெறியும் செடி, மலையில் வாழும் பூச்சியின் வாழ்வுக்கு இவ்வாறு துணையாகிறது. அவை மாநில எல்லையை அறியா. பரம்பிக்குளமும் சின்னாறும் கேரளத்தில் உள்ளன. அவற்றையடுத்த ஆனைமலைப் புலிகள் காப்பகம் தமிழ்நாட்டில் உள்ளது. ஒரு பக்கம் காத்து மறுபக்கம் அழித்தால், காத்ததும் பயன்படாது.

தீங்குகள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், தேயிலைக்காக மலைச்சரிவுகள் திருத்தப்பட்டன. ஏலத்தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்து நல்லது தீயது பார்ப்பதில்லை. உண்ணிச்செடி மற்றொரு வஞ்சகம்: அதன் மலரில் வண்ணத்துப்பூச்சிகள் கூடுவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம், ஆனால் அது பரவுமிடத்தில் புழுக்களுக்கு உணவாகும் நாட்டுச்செடிகள் தலைதூக்க இயலாது. விருந்து உண்டு, தொட்டில் இல்லை என்பதே அதன் பொருள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சில வண்ணத்துப்பூச்சிகளையும் காக்கிறது. எனினும், பூச்சியைப் பிடிக்காதே என்று தடுப்பதோடு பணி முடிவதில்லை. மழைக்காடு, புல்வெளி, முட்புதர் ஆகிய ஒவ்வொன்றையும் அதனதன் இயல்பிலேயே விட்டுவைப்பதே மெய்யான காப்பு. புல்வெளியில் மரம் நடுவதுகூட அங்கு உதவியாகாது.

மலையை விட்டுத் தொலைவில், பம்பாயிலோ டில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் நேயர்கள், இதில் நமக்கென்ன பங்கு என்று கேட்கலாம். தமிழர் செல்லுமிடமெல்லாம் கறிவேப்பிலையும் உடன் செல்கிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி என்னும் கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த பூச்சி, நாட்டின் பல பகுதிகளிலும் வாழ்வது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுவது. முதலில் பறவை எச்சம் போலவும், பின்னர் இலைப்பச்சையாகவும் ஒரு புழு தொட்டிச்செடியில் தென்படுமாயின், அதனை நசுக்கவும் வேண்டா, மருந்து தெளிக்கவும் வேண்டா. சில இலைகள் குறையும். அவை மீண்டும் தளிர்த்துவிடும். புழு கூடு கட்டி, அக்கூட்டைப் பிளந்துகொண்டு பூச்சி வெளிவருவதை வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஒரு செடிக்கும் ஓர் உயிருக்கும் உள்ள உறவை ஒருமுறை கண்ணால் கண்ட குழந்தை, பின்னாளில் ஒரு முட்புதரையும் வீண் என்று எண்ணாது.