அளவெடுக்காமல் வாங்கிய போர்க்

பருப்பு மொத்த வியாபாரிக்கு மலைச் சைக்கிளின் உதிரி பாகம் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். போன வருடம் வரை எனக்கும் ஒன்றும் தெரியாதுதான்.

கோவையில் படிக்கும் என் பேரன் விடுமுறை நாட்களில் கோத்தகிரிப் பக்கம் தோட்டப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவன். கல்லில் ஏறி இறங்கினால் கை மரத்துப் போகிறது, நல்ல சஸ்பென்ஷன் போர்க் ஒன்று வேண்டும் என்றான். பாதி விலைக்குப் பழையது ஒன்று கிடைக்கிறது என்றதும் நானும் மயங்கிப் பணம் கொடுத்துவிட்டேன்.

சரக்கு வந்தது, பொருந்தவில்லை. போர்க்கின் மேலே நிற்கும் கழுத்துக் குழாயை முன்பு வைத்திருந்தவர் தம் சைக்கிளுக்குத் தக்கபடி அறுத்திருந்தார். பேரனின் சைக்கிளுக்கு அது இரண்டு விரற்கடை குறைவு. அறுத்த குழாய் வளருமா? விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். மூட்டையைக் குத்தி மாதிரி பார்க்காமல் ஒரு லோடும் இறக்காதவன் இதில் ஏமாந்தேன்.

பிறகுதான் விவரம் விசாரித்தேன். இந்தச் சரக்குக்கு வயது அதிகமில்லை. மோட்டார் சைக்கிள் பந்தய மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் என்ற அமெரிக்கர் 1989ல் ராக்ஷாக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய தொழில்தான் இதைப் பரவலாக்கியது. அன்று போர்க் அமுங்கிய தூரம் சுமார் 2 அங்குலம். இன்று ஏற்றமும் இறக்கமுமாக விரைந்து ஓட்டுகிறவர்களுக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர், கரடான பாதைக்கு 130 முதல் 150, செங்குத்தான இறக்கப் பந்தயத்துக்கு 200 வரை உண்டு.

அதிகம் அமுங்குவதே உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 120க்கென்று செய்த சட்டத்தில் 160 மாட்டினால் சைக்கிளின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஏற்றத்தில் சக்கரம் அலையும். சட்டத்தின் கழுத்து விரிசல் விடவும் இடமுண்டு. எவ்வளவு வரை மாட்டலாம் என்பதைச் சட்டம் செய்த கம்பெனியிடமே கேட்டுக்கொள்வது உத்தமம்.

விலை மலிந்த போர்க்கில் கம்பிச் சுருள் மட்டுமே வேலை செய்யும். நம் கடை வில் தராசில் மூட்டையை மாட்டியதும் முள் மேலும் கீழும் ஆடுமே, அதே ஆட்டம்தான் ஓட்டுகிறவன் கைக்கும். நல்ல போர்க்கில் ஒரு காலுக்குள் எண்ணெய் டேம்பர் இருக்கும். சிறு துளை வழியே எண்ணெய் நகர்ந்து அந்த ஆட்டத்தை அடக்குகிறது. திரும்பும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் உண்டு. காசு கொடுப்பது இதற்குத்தான், பளபளப்புக்கு அல்ல. மறு காலில் சுருளுக்குப் பதில் காற்று இருந்தால் எடை குறையும், ஆளின் எடைக்கேற்ப அழுத்தத்தை மாற்றலாம்.

இரண்டாம் முறை டேப்போடு உட்கார்ந்தோம். கழுத்துக் குழாய் நேரானதா, அடியில் ஒன்றரை அங்குலமாகப் பருப்பதா, நீளம் எவ்வளவு, சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா, அச்சு 15 மில்லிமீட்டர்தானா, ஹப் அகலம் 100 மில்லிமீட்டரா 110 மில்லிமீட்டரா என்று எல்லாம் எழுதிய பிறகே ஆர்டர். இதில் ஒன்று பிசகினாலும் சரக்கு மூலையில் கிடக்கும்.

மாட்டியபின் பேரன் பையோடு ஏறி அசையாமல் உட்கார்ந்தான். போர்க்கின் காலில் உள்ள ரப்பர் வளையம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துக் காற்றைச் சரி செய்தோம். 120 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 24 அமுங்கினால் போதும். இதற்குத் தனிப் பம்பு வேண்டும். சாதாரணப் பம்பு உதவாது.

ஏறக்குறைய 50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற வேண்டுமாம். ஓட்டிய மணிக்கணக்கைப் பேரன் நம் கடையின் பழைய சிட்டை நோட்டில் எழுதி வருகிறான். அறுத்த போர்க் இன்னும் என் கிடங்கில்தான் இருக்கிறது.