மின்கம்பியில் அமரும் பறவைகள்

சாலையோர மின்கம்பிகளில் கரிச்சானும் பனங்காடையும் அமர்ந்திருப்பதை நாட்டின் பல பகுதிகளிலும் காணலாம். அக்கம்பியின் மின்னழுத்தம் 11,000 வோல்ட்டாக இருக்கக்கூடும். இல்லங்களில் பயன்படும் 230 வோல்ட்டே மனிதனைக் கொல்லப் போதுமானதாயிருக்க, பறவைக்கு ஊறு நேராதது எவ்வாறு? கம்பியின்மேல் காப்புறை இருப்பதாகச் சிலரும், பறவையின் கால்கள் மின்சாரத்தைக் கடத்தா எனச் சிலரும் கருதுகின்றனர். இரண்டும் சரியல்ல. இக்கம்பிகள் பெரும்பாலும் உறையற்றவை. பறவையின் உடலும் நம் உடலைப் போல் நீரும் உப்பும் கலந்ததே.

ஏரியில் நீர் எவ்வளவு உயரத்தில் நின்றாலும், ஒரே மட்டத்திலுள்ள இரு இடங்களுக்கிடையே அது ஓடாது. மட்ட வேறுபாடு வேண்டும். மின்சாரமும் அவ்வாறே. 4,00,000 வோல்ட் கம்பி ஒன்றில் 500 ஆம்பியர் மின்னோட்டம் செல்வதாகக் கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றிய இரு கால்களுக்கிடையே உள்ள அழுத்த வேறுபாடு, ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அவ்வளவு குறைந்த வேறுபாடு பறவையின் உடல்வழியே குறிப்பிடத்தக்க மின்னோட்டத்தைச் செலுத்தவியலாது. (ஆயினும் 4,00,000 வோல்ட் கம்பிகளில் பறவைகள் அமர்வது அரிது. கம்பியைச் சூழ்ந்த வலிமைமிக்க மின்புலம் அவற்றுக்கு ஒவ்வாததே காரணமெனக் கருதப்படுகிறது. கோபுர உச்சியிலுள்ள நிலக்கம்பியில் அவை தாராளமாக அமர்கின்றன.)

எனவே பறவையைக் காப்பது அதன் உடலமைப்பன்று. அது வேறெதையும் தொடாதிருப்பதே. மனிதனோ தரையில் நிற்கிறான். இரும்பு ஏணியோ, ஈரமான தொரட்டியோ, உலோகப் பூச்சுள்ள பட்டக் கயிறோ கம்பியில் பட்டால், மின்சாரம் அவன் உடல்வழியே நிலத்தை அடைகிறது. அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றியுள்ள தரையிலும் அழுத்த வேறுபாடு பரவியிருக்கும். தொடாமல் அருகே நடப்பதும் ஆபத்தே.

பெரிய பறவைகளுக்கும் இவ்விதி பொருந்தும். 11,000 வோல்ட் கம்பங்களில் கம்பிகளுக்கிடையேயுள்ள தொலைவு பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆளிக் கழுகின் விரித்த சிறகுகளோ ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்டவை. இரு கம்பிகளை ஒருசேரத் தொட்டாலும், கம்பியையும் நிலத்தோடு இணைந்த இரும்புக் குறுக்குச் சட்டத்தையும் தொட்டாலும் பறவை மடியும். தார்ப் பாலைவனத்தில் உயர்ந்த மரங்கள் அரிதாதலால் இக்கம்பங்களே கழுகுகளுக்கு இருக்கையாகின்றன. பழந்தின்னி வௌவால்களும் இவ்வாறே இறக்கின்றன. இத்தகைய விபத்துகளில் மின்தடை ஏற்பட்டுப் பாசனப் பம்புகளும் நிற்கக்கூடும். ஆகவே கம்பத்தருகே கம்பிக்குக் காப்புறை இடுவதையும், குறுக்குச் சட்டத்துக்குக் கீழே கம்பியைத் தொங்கவிடுவதையும் பறவைகளுக்கான தருமச் செலவாக மட்டும் கருதுவது பொருந்தாது. என் கருத்தில் இது மின்வழங்கலுக்கான முதலீடே.

கானமயிலின் நிலை வேறு. அது கம்பியில் அமர்வதே இல்லை. பறக்கையில் மோதி மடிகிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், நேர் எதிரேயுள்ளதை அதனால் தெளிவாகக் காணவியலாது. ஆண் பறவையின் எடை 15 கிலோகிராம் வரை செல்லும். கடைசி நொடியில் திரும்ப இயலாது. ஒருமுறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும் இனமாதலால், ஒவ்வோர் இழப்பும் ஈடுசெய்ய அரிது. எஞ்சிய பறவைகளிற் பெரும்பாலானவை இராஜஸ்தானின் ஜெய்சல்மேர்ப் பகுதியில் வாழ்கின்றன. நாட்டின் சூரிய ஒளி மின்நிலையங்கள் பல அமைந்ததும் மேற்கு இராஜஸ்தானிலேதான்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இப்பறவையின் வாழிடங்களில் இயன்ற இடங்களிலெல்லாம் கம்பிகளை நிலத்தடியில் பதிக்கவும், அதுவரை பறவைகளுக்குப் புலப்படும் தொங்கு வில்லைகளைக் கம்பிகளில் மாட்டவும் ஆணையிட்டது. குறைந்த அழுத்தக் கம்பிகளைப் புதைப்பது கடினமன்று. மிகுந்த அழுத்தமுள்ள நெடுந்தொலைவு வடங்களுக்கோ செலவு பன்மடங்கு. அன்றியும் மாறுதிசை மின்சாரத்தின் ஒரு பகுதி வடத்துக்கு மின்னூட்டம் அளிப்பதிலேயே செலவாகிவிடும். 2024 மார்ச்சில் நீதிமன்றம், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இட்டிருந்த அப்பொது ஆணையைத் திரும்பப் பெற்று, எங்கே புதைக்கலாம் என்பதை ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது. புதைக்கும் செலவை மின் கட்டணத்தில் சேர்ப்பதா, அரசு ஏற்பதா, மின்நிலையம் நிறுவுவோரிடம் பெறுவதா என்பது, மின்பாதையின் வரைபடம் மேசையில் இருக்கும்போதே தீர்க்கப்படவேண்டியது. கோபுரம் எழுந்தபின் மாற்றுவதற்கு இருமடிச் செலவாகும்.