மேம்படுத்திய பழைய கார்களில் மின்கோளாறுகளைக் கண்டறிதல்

பழைய கார் ஒன்றில் ஆல்டர்னேட்டர், ஹாலஜன் முகப்பு விளக்கு, எல்.இ.டி. விளக்கு, மின்னணு இக்னிஷன் போன்றவற்றைப் பொருத்திய பிறகு தோன்றும் மின்கோளாறுகளுக்குப் புதிய பாகமே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் அது உண்மையன்று. புதிய பாகத்துக்குத் தேவைப்படும் மின்னோட்டத்தைப் பழைய வயரும் இணைப்புகளும் தாங்க முடியாததே பல கோளாறுகளுக்குக் காரணம். எனவே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, மின்னோட்டம் செல்லும் பாதையை அளந்து பார்ப்பதே நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். 1948 முதல் 1972 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு, இலங்கைச் சாலைகளில் இன்றும் காணப்படும் மோரிஸ் மைனர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பழைய மின்னமைப்பு

மோரிஸ் மைனரில் இருப்பது 12 வோல்ட் மின்னமைப்பு. பெரும்பாலான கார்களில் பேட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கார்களில் எதிர்முனையே உடலோடு இணைகிறது. பிற்கால மைனர்களில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிக அளவாக 22 ஆம்பியர் தரும்.

ஃபியூஸ் பெட்டியில் இரண்டு ஃபியூஸ்களே உண்டு. முகப்பு விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸ் கிடையாது. அங்கே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் வயரே சூடாகித் தீப்பற்றக்கூடும். பழைய பிரிட்டிஷ் ஃபியூஸில் எழுதியிருக்கும் 35 ஆம்பியர் என்பது அது உருகும் அளவு; தொடர்ந்து தாங்கும் அளவு அதில் ஏறத்தாழ பாதிதான். இன்றைய ஃபியூஸ்களில் தொடர்ந்து தாங்கும் அளவே எழுதப்படுகிறது. அதனால் பழையதற்குப் பதிலாக இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடும்.

கோளாறு உண்டாகும் விதம்

60 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டு எரியும்போது சுமார் 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பின் மின்தடை 0.2 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி, 10 × 0.2 = 2 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் மட்டுமே கிடைக்கும் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இழந்த மின்திறன் 2 × 10 = 20 வாட் வெப்பமாக அந்த இணைப்பில் வெளிப்படும். இது சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூட்டுக்கு நிகரானது. டேஷ்போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உருகும் வாடை வருவது இதனால்தான்.

அளக்கும் முறை

ஒரு மல்டிமீட்டர் போதும். சோதிக்கும் கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மின்னோட்டம் இல்லாதபோது கெட்ட இணைப்பும் நல்லதுபோலவே காட்டும்.

1. பேட்டரி: முழுமையாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது இயல்பு.

2. எர்த் பாதை: விளக்கின் எர்த் வயருக்கும், காரின் உடலோடு இணைந்த பேட்டரி முனைக்கும் இடையே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்த கார்களில் எர்த் போல்ட்டின் அடியில் உள்ள பெயிண்டே தடையாக இருப்பதுண்டு. அதைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்ய வேண்டும்.

3. வரும் பாதை: பேட்டரியின் மற்ற முனைக்கும் விளக்குக்கு மின்சாரம் வரும் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஸ்விட்ச், ஃபியூஸ், இணைப்பு என ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து பழுதான இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

4. மின்கசிவு: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி கேபிளோடு அம்மீட்டரைத் தொடரிணைப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஏதோ ஒன்று பேட்டரியைத் தீர்க்கிறது. அம்மீட்டர் இணைந்திருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

வழக்கமாக வரும் கோளாறுகள்

- சார்ஜ் ஆகாமை: ஆல்டர்னேட்டர் வேலை தொடங்கத் தேவையான சிறு மின்னோட்டம், பல கார்களில் சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் வழியே செல்கிறது. அங்கே எல்.இ.டி. பல்பைப் போட்டால் அந்த மின்னோட்டம் போதாமல் சார்ஜ் ஆகாது. பழைய பல்பைத் திரும்பப் போட்டாலே சரியாகிவிடலாம்.

- இண்டிகேட்டர் சிமிட்டாமை: பழைய ஃபிளாஷர், பல்புகளின் மின்னோட்டத்தால் உள்ளிருக்கும் கம்பி சூடாவதைக் கொண்டு இயங்குகிறது. எல்.இ.டி. பல்புக்கு மின்னோட்டம் குறைவு என்பதால் அது சரியாக இயங்காது. மின்னணு ஃபிளாஷர் தேவை.

- ஆக்சிலரேட்டர் அல்லது சோக் கேபிள் சூடாதல்: என்ஜின் ரப்பர் மவுண்டிங் மீது அமர்ந்திருக்கிறது. என்ஜினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையை மீண்டும் மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் இந்தக் கேபிள்களின் வழியே செல்லும்.

- முனை மாற்றம்: இன்றைய ஆல்டர்னேட்டர்களில் பெரும்பாலானவை எதிர்முனை எர்த்துக்கு உரியவை. பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால் அவற்றின் டயோடுகள் உடனே எரிந்துவிடும். எர்த் முனையை மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் எந்த முனையிலும் ஒரே திசையில் சுற்றும் என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

தடுப்பு முறைகள்

மேம்பாடுகளை ஒரே நாளில் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அளவுகளைக் குறித்துவைத்தால் கோளாறு எந்தக் கட்டத்தில் வந்தது என்பது எளிதில் தெரியும். முகப்பு விளக்குகளுக்கு ஃபியூஸும் ரிலேயும் வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர் கொடுப்பது நல்லது. அப்போது பழைய ஸ்விட்ச், ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே தாங்கினால் போதும்.

டைனமோ காலத்தில் சிலர், என்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிச் சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பதுண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் இதைச் செய்யவே கூடாது. திடீரென உயரும் மின்னழுத்தம் டயோடுகளையும் மின்னணு இக்னிஷனையும் கெடுத்துவிடும். வயர்களில் கை வைக்கும் முன் என்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி உருகினால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவது தீர்வாகாது. உருகும் ஃபியூஸ் தன் வேலையைச் செய்கிறது. பழுது வேறிடத்தில் இருக்கிறது.