தண்ணீர் ஏன் வாடை அடிக்கிறது?

தூத்துக்குடி மில்லர்புரத்து வீடுகளில் தண்ணீர் கரித்தாலோ வாடை அடித்தாலோ முதல் வேலையாகக் கேன் தண்ணீருக்குப் போன் போடுகிறோம். அதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் பிடியுங்கள். ஒன்று, மாநகராட்சித் தண்ணீர் சம்புக்குள் விழுவதற்கு முன்பே பிடித்தது. மற்றொன்று, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் அடுப்படிக் குழாயில் பிடித்தது. இரண்டையும் பத்து நிமிடம் மூடிவைத்து, திறந்ததும் முகர்ந்து பாருங்கள். இரண்டாவது மட்டும் நாறினால் கோளாறு நம் வீட்டுக்குள்தான்.

தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் வல்லநாட்டுப் பக்கமிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் கரிக்காது. கரித்தால், சம்பில் போர் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பளம் சூழ்ந்த கடலோர ஊரில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதில் வியப்பில்லை. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர அளவு. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. உப்புத் தண்ணீரைக் காய்ச்சுவது வீண். ஆவி போகப் போக உப்பு கூடத்தான் செய்யும்.

பிளீச்சிங் வாடைக்குப் பயப்படாதீர்கள். குழாய் முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. அந்த வாடை லேசாக இருப்பது எனக்கு நிம்மதி. வாயகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் குறைந்துவிடும். மண் வாடை, பாசி வாடை பெரும்பாலும் நீர்ப்பாசியின் வேலை. அது விடும் ஜியோஸ்மின் லிட்டருக்குப் பத்து நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அந்த அளவில் உடம்புக்குக் கெடுதல் இல்லை. கார்பன் ஃபில்டரில் நீங்கும். அழுகின முட்டை நாற்றம் என்றால் போர் தண்ணீரையோ சம்பின் அடிச் சேற்றையோ சந்தேகிக்கலாம். சம்பை வற்றவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சாக்கடை வாடை மட்டும் வேறு கதை. நம் ஊரில் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. விரிசல் வழியே வெளியிலிருக்கும் கழிவுநீர் உள்ளே புகும். லைனில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் அந்தக் கழிவைத் தெருவுக்கே இழுத்து விடுகிறார்கள். இது அநியாயம், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இப்படித்தான் வருகிறது. ஃபில்டரை நம்பிக் குடிக்காதீர்கள். பக்கத்து வீடுகளில் கேட்டுவிட்டு, அன்றைக்கே மாநகராட்சியில் புகார் கொடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நடந்ததைப் போலச் சம்பு மூழ்கினால், வாடை இல்லாவிட்டாலும் இறைத்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே புழங்க வேண்டும். கிருமிக்கு வாடை கிடையாது.

சந்தேகம் தீராவிட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேளுங்கள். வீட்டில் கிடக்கும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்தால், பாட்டிலில் இருக்கும் கிருமியும் சேர்ந்தே சோதனையில் தெரியும்.