பின்னாடி என்ஜின், சுத்தி காத்து: பழைய போர்ஷே 911-ஐ முதல் தடவை ஓட்டும்போது என்ன நடக்குது?

போர்ஷே 911-ஐ போஸ்டர்லயும் கேம்லயும் பார்க்காதவங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டாங்க. ஆனா கேம் கன்ட்ரோலர்ல பிடிபடாத சில விஷயங்கள் நிஜக் காரை ஓட்டுற முதல் அரை மணி நேரத்துலயே தெரிஞ்சிடும். அதுவும் அது 1998-க்கு முந்தைய, காத்தால குளிர்ற 911-ஆ இருந்துட்டா, பல வருஷம் கார் ஓட்டினவங்களுக்கே "என்னடா இது, எல்லாமே ஏறுக்கு மாறா இருக்கே"ன்னு தோணும்.

அந்த 'ஏறுக்கு மாறு' ஒவ்வொன்னையும் எடுத்து, அதுக்குப் பின்னால என்ன காரணம் இருக்குன்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை. முன்கூட்டியே சொல்லிடறேன்: கிட்டத்தட்ட எல்லாமே ரெண்டு முடிவுகள்ல போய் நிக்கும். ஒன்னு, என்ஜினைப் பின்சக்கர அச்சுக்கும் பின்னால வச்சது. ரெண்டு, அதைத் தண்ணி இல்லாம காத்தாலயும் ஆயிலாலயும் குளிர வச்சது. அந்தக் காரோட பலமும் பலவீனமும் இந்த ரெண்டுலேர்ந்துதான் பிறக்குது.

பேசறதுக்கு வசதியா ஒரு காரைத் தேர்ந்தெடுப்போம்: 1985-ல செஞ்ச 911 கரேரா 3.2, ஐரோப்பிய மாடல். 3164 சிசி, ஆறு சிலிண்டர், 231 குதிரைசக்தி, எடை சுமார் 1210 கிலோ. ரூட்டும் போட்டுக்குவோம். ஸ்டுட்கார்ட் நகரத்துல போர்ஷே ஃபேக்டரி இருக்கிற சுஃபன்ஹவுசன்ல கிளம்பி, பழைய சாலிடியூட் ரேஸ் பாதை வழியா, போர்ஷே கார்களை டெஸ்ட் பண்ற வைஸாக் வரைக்கும். (விசாகப்பட்டினம் இல்லை மக்களே, இது ஜெர்மன் ஊரு!)

உள்ளே ஏறினதும்

முதல்ல தெரியறது, கார் எவ்வளவு சின்னதுங்கிறது. அகலம் 1.65 மீட்டர்தான். இன்னைக்கு நம்ம ரோட்ல ஓடுற மாருதி ஸ்விஃப்ட்டை விடக் குறைவு. கண்ணாடி வழியா முன்னால பார்த்தா ரெண்டு ஹெட்லைட் மேடுகளும் தெளிவா தெரியும். காரோட மூலை எங்க முடியுதுன்னு ஊகிக்க வேண்டியதே இல்லை.

சாவி போடற இடம் ஸ்டியரிங்குக்கு இடது பக்கம். முன்னால அஞ்சு வட்ட மீட்டர்கள். நடுவுல பெருசா இருக்கிறது ஸ்பீடோமீட்டர் இல்லை, ஆர்.பி.எம். மீட்டர். காலைக் கீழே விட்டா பெடல்கள் மேலேர்ந்து தொங்காது. தரையிலேர்ந்து முளைச்ச மாதிரி நிக்கும். அதுவும் நேரா இல்லாம, காரோட நடுப்பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும். முன்சக்கரத்துக்கான குழிவு உள்ள இடத்தை எடுத்துக்கிட்டதால வந்த வினை அது. 1963-ல ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில 901-ங்கிற பேர்ல காட்டின காரோட அமைப்புதான் இது. (நடுவுல பூஜ்யம் வர்ற மூணு இலக்கப் பேர் எங்களோடதுன்னு பெஜோ கம்பெனி சொன்னதால 901 அப்புறம் 911 ஆச்சு.) 22 வருஷம் கழிச்சும் பெடல் மாறலை.

இன்னொன்னு கவனிங்க: ஆயில் சூடு காட்ட ஒரு மீட்டர் இருக்கு, கூலன்ட் சூடு காட்ட எதுவும் இல்லை. கூலன்ட்டே இல்லாதப்போ எதைக் காட்டறது?

சாவியைத் திருப்பினதும்

சத்தம் முதுகுக்குப் பின்னால கிளம்பும். ஒரு கரகரப்பு, அதோட சேர்ந்து ஒரு விசிறிச் சத்தம். மூணு சிலிண்டர் இந்தப் பக்கம், மூணு அந்தப் பக்கம்னு படுத்த வாக்குல இருக்கிற என்ஜின் இது. எதிரெதிர் பிஸ்டன்களோட அசைவு ஒன்னை ஒன்னு சமன் பண்றதால அதிர்வு ரொம்பக் கம்மி. அப்போ சத்தம் மட்டும் ஏன் இவ்வளவு?

தண்ணியால குளிர்ற என்ஜின்ல சிலிண்டரைச் சுத்தி ஒரு தண்ணிச் சட்டை இருக்கும். அது சூட்டை மட்டும் இல்லை, உள்ள நடக்கிற சத்தத்தையும் கொஞ்சம் விழுங்கிடும். இங்க அந்தச் சட்டை கிடையாது. ஹாஸ்டல் வாசல்ல நிக்கிற ஸ்ப்ளெண்டர்ல பார்க்கிற மாதிரி, சிலிண்டர் மேல வெறும் ஃபின்கள்தான்.

பைக்ல எதிர்க்காத்து போதும். பின்னால மூடி வச்ச ஆறு சிலிண்டருக்கு அது போதாது. ஏன்னா ஒரே கன அளவு தண்ணியும் காத்தும் ஒரே டிகிரி சூடேறணும்னா, தண்ணிக்குக் காத்தை விட சுமார் 3500 மடங்கு வெப்பம் தேவை. அதாவது, சூட்டைச் சுமக்கிற வேலையில காத்து ரொம்ப வீக். அதை ஈடுகட்ட நிறைய காத்தை வேகமா தள்ளணும். அதுக்குத்தான் என்ஜின் மேல பெரிய ஃபேன். ஒரே வி-பெல்ட் அந்த ஃபேனையும், அதுக்கு நடுவுல உக்காந்திருக்கிற ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுத்தும். அதனால இந்தக் கார்ல பேட்டரி விளக்கு எரிஞ்சா "வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்"னு ஓட்டக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தா குளிர்விப்பும் நின்னுருக்கும். உடனே ஓரம் கட்டணும்.

மீதி வேலையை ஆயில் பார்க்குது. சாதாரணக் கார்ல 3, 4 லிட்டர் ஆயில் இருக்கும். இதுல சுமார் 13 லிட்டர்! தனி டேங்க், முன்பக்க வலது சக்கரத்துக்கிட்ட ஒரு ஆயில் கூலர்னு ஆயில் கார் முழுக்கப் பயணம் பண்ணும். டிப்ஸ்டிக்கைப் பார்க்கிற முறையே வேற: என்ஜின் நல்லா சூடாகி, ஓடிக்கிட்டு இருக்கும்போது, சமதளத்துல வச்சுப் பார்க்கணும். ஆறின என்ஜின்ல பார்த்தா ஆயிலே இல்லாத மாதிரி தெரியும். அதை நம்பி ஊத்தினா ஓவர்ஃபில்தான். ஆயில் சூடாகிற வரைக்கும் ஆர்.பி.எம். ஏத்தாம பொறுமையா ஓட்டணும்ங்கிறதும் இதனாலதான்.

நகர ஆரம்பிச்சதும்

கிளட்ச் கேபிள்ல இயங்குது, கால் வலிக்கும். கியர் பாக்ஸ் பேர் 915. லீவர்லேர்ந்து ஒரு நீளமான கம்பி பின்னால கியர் பாக்ஸ் வரை போகுது. அதனால கியர் எங்க விழுதுன்னு கைக்கு உடனே தெரியாது. குளிர்ந்த நிலையில ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். அவசரப்பட்டா கரகரன்னு திட்டும். நியூட்ரல்ல ஒரு நொடி நிறுத்தி அப்புறம் தள்ளினா நல்ல பிள்ளையா விழும்.

ஸ்டியரிங்ல பவர் அசிஸ்ட் இல்லை. பார்க்கிங்ல கை வலிக்கும். ஆனா 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினதும் கதையே மாறிடும். காரோட எடையில சுமார் 40 சதவீதம்தான் முன்னால. அதாவது முன் ரெண்டு சக்கரமும் சேர்ந்து தாங்குறது கிட்டத்தட்ட 484 கிலோதான். அந்த லேசான முன்பக்கத்துக்கு உதவி மோட்டார் தேவையில்லை. ரோட்ல இருக்கிற ஒவ்வொரு மேடும், டயர் பிடிக்குதா வழுக்குதாங்கிறதும் நேரா கைக்கு வந்து சேருது. புதுசா ஓட்டறவங்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுப்பாங்க. பழகினவங்க லேசா பிடிச்சு, அது கைக்குள்ள அசையட்டும்னு விட்டுடுவாங்க.

வேகம் ஏத்தும்போது மூக்கு லேசாகிறது நல்லாவே தெரியும். வீட்டு கேஸ் சிலிண்டரை பைக் கேரியர்ல கட்டிட்டு வந்திருக்கீங்களா? ஹேண்டில் மிதக்குற மாதிரி இருக்குமே, அதே ஃபீல்தான்.

முதல் வளைவு

இப்போ சாலிடியூட் வந்தாச்சு. இது தனி ரேஸ் டிராக் இல்லை, காட்டு வழியா போற பொதுச் சாலைதான். 1965 வரைக்கும் இங்க ரேஸ் நடந்தது. 1962-ல டான் கர்னி இங்க ஜெயிச்ச போர்ஷே 804 ஃபார்முலா ஒன் காரும் காத்தால குளிர்ற எட்டு சிலிண்டர் கார்தான்.

ஒரு வளைவுக்குள்ள கொஞ்சம் வேகமா நுழைஞ்சிட்டீங்கன்னு வைங்க. முன்பக்கம் லேசுங்கிறதால மூக்கு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். மத்த கார்ல பழகின கால் என்ன பண்ணும்? டக்னு ஆக்சிலேட்டரை விடும், பிரேக்கைத் தொடும். இந்தக் கார்ல உயிருக்கே ஆபத்தான அனிச்சை அது. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

புவியீர்ப்பு மையத்தோட உயரம் 0.5 மீட்டர்னு வச்சுக்குவோம். முன் பின் சக்கர இடைவெளி 2.27 மீட்டர். வேகம் 0.3 ஜி அளவுக்குக் குறைஞ்சா, பின்னாலேர்ந்து முன்னால நகர்ற பாரம்:

1210 × 0.3 × 0.5 ÷ 2.27 = சுமார் 80 கிலோ

பின் டயர்கள் தாங்கின 726 கிலோ, 646 ஆகிடும். பிடிமானம் கிட்டத்தட்ட 11 சதவீதம் போச்சு. முன்பக்கம் 484-லேர்ந்து 564 ஆகி, திடீர்னு நல்லா கடிக்கும். இங்கதான் நாம பொதுவா கோட்டை விடற பாயிண்ட் இருக்கு: டயர் மேல விழுற *பாரம்*தான் முன்னால நகருது, *நிறை* நகரலை. என்ஜின் இன்னும் பின்னாலயேதான் இருக்கு. அதை வளைவுல திருப்பத் தேவையான பக்கவாட்டு விசை அப்படியே இருக்கு, அதைத் தர வேண்டிய டயரோட பிடி மட்டும் குறைஞ்சு போச்சு. விளைவு, பின்பக்கம் வெளியே வீசும். கனமான பொருள் அச்சுக்கு அப்பால தொங்கறதால, வீச ஆரம்பிச்சதை நிறுத்தறதும் கஷ்டம்.

இது போர்ஷேவுக்குத் தெரியாம இல்லை. ஆரம்பகாலக் கார்கள்ல முன் பம்பருக்குள்ள இரும்புக் கட்டிகளை வச்சுப் பார்த்தாங்க. 1969 மாடல்ல பின்சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னால தள்ளினாங்க. பின் டயரை முன் டயரை விட அகலமாக்கினாங்க. இதெல்லாம் பிரச்சனையைக் குறைச்சது, போக்கலை.

அதே எடை தர்ற லாபம்

சரி, இவ்வளவு தொல்லை எதுக்கு? வளைவோட நடுவுல ஆக்சிலேட்டரை மெதுவா மிதிச்சுப் பாருங்க. பாரம் பின்னால வரும், சக்தி போற சக்கரங்கள் தரையில அழுந்தும், கார் குந்தி உக்காந்து வளைவை விட்டு வெளியே பாயும். இந்தப் பாய்ச்சல்தான் 911 ஓட்டினவங்க எல்லாரும் முதல்ல பேசற விஷயம்.

பிரேக்லயும் இதே லாபம் உண்டு. 0.8 ஜி-ல அழுத்திப் பிரேக் போட்டா சுமார் 213 கிலோ முன்னால நகரும். 911-ல அப்போ முன்னால 697, பின்னால 513. நாலு டயரும் வேலை செய்யுது. இதே எடையும் அளவும் உள்ள, முன்னால 60 சதவீத எடை இருக்கிற காரா இருந்தா? முன்னால 939, பின்னால வெறும் 271. பின் பிரேக் கிட்டத்தட்ட சும்மா.

ஆக, வளைவுல பயமுறுத்தின அதே பின்பக்க எடைதான் பிரேக்லயும் புறப்பாட்டுலயும் காப்பாத்துது. ஒன்னை எடுத்துட்டு இன்னொன்னை மட்டும் வச்சுக்க முடியாது.

ஏன் விடலை? அப்புறம் ஏன் விட்டாங்க?

விடப் பார்த்தாங்க. 1977-ல முன்னால தண்ணியால குளிர்ற வி8 என்ஜினோட 928 வந்துச்சு. 911-க்கு வாரிசு அதுதான்னு திட்டம். 1981-ல தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷூட்ஸ், தலைமை இன்ஜினியர் ஹெல்முட் போட்டோட அறைச் சுவர்ல இருந்த சார்ட்ல 911-ஓட கோடு அந்த வருஷத்தோட முடியறதைப் பார்த்தார். மார்க்கர் எடுத்து, கோட்டைச் சார்ட்டையும் தாண்டிச் சுவர் வரைக்கும் இழுத்தார்னு அவரே சொல்லியிருக்கார். நாம பேசற கரேரா 3.2 அதுக்கப்புறம் வந்ததுதான்.

கடைசில காத்தை நிறுத்தினது இயற்பியல்தான். சிலிண்டருக்கு நாலு வால்வு வச்சா என்ஜின் நல்லா மூச்சு விடும். ஆனா அந்த வால்வுகளுக்கு நடுவுல இருக்கிற சூடான குறுகலான இடத்துக்குக் காத்து போய்ச் சேராது. 1986-ல வந்த 959-லயே சிலிண்டருக்குக் காத்து, சிலிண்டர் ஹெட்டுக்குத் தண்ணினு கலந்துதான் செஞ்சாங்க. புகை விதிகளும் சத்த விதிகளும் இறுக, 1998 மார்ச்ல கடைசி ஏர்-கூல்டு 911 ஃபேக்டரியை விட்டு வெளியே வந்துச்சு. தண்ணி வந்தாலும் என்ஜின் மட்டும் இன்னைக்கும் பின்னாலயேதான்.

ஓட்ட வாய்ப்பு கிடைச்சா

எங்கயாவது, எப்பவாவது சாவி கைக்கு வந்தா இந்த நாலை மட்டும் மறக்காதீங்க:

1. ஆயில் சூடாகிற வரைக்கும் அவசரம் வேண்டாம்.
2. கியரைத் தள்ளாதீங்க, காத்திருந்து போடுங்க.
3. பிரேக் எல்லாம் வளைவுக்கு *முன்னாடி*, நேர்கோட்டுலயே முடிஞ்சிடணும். மெதுவா உள்ளே போய், வேகமா வெளியே வாங்க.
4. வளைவுக்குள்ள பயம் வந்தாலும் காலை டக்னு எடுக்காதீங்க.

டிசைன் பிராஜெக்ட் பண்றவங்களுக்கு ஒரு ஹோம்வொர்க்: மேல இருக்கிற கணக்குல சக்கர இடைவெளியிலேர்ந்து 57 மில்லிமீட்டரைக் கழிச்சுப் போட்டுப் பாருங்க. நகர்ற பாரம் ரெண்டு கிலோதான் கூடும். அப்போ அந்த 57 மில்லிமீட்டர் வேற எதுக்கு உதவிச்சு? சக்கரம் பின்னால போனா, அச்சுக்கும் என்ஜினுக்கும் நடுவுல இருக்கிற தூரம் என்ன ஆகும்னு வரைஞ்சு பாருங்க, விடை கிடைச்சிடும்.