வண்டி கொதிக்கிறதா?

மும்பையிலிருந்து நாசிக் போகும் வழியில் கசாரா மலைப்பாதை இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் பாதை. கோடை வெயிலில் அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். சாலை ஓரத்தில் ஒரு பழைய வண்டி நிற்கும். பானெட் திறந்திருக்கும். உள்ளே இருந்து ஆவி புஸ் புஸ் என்று வரும். ஓட்டுநர் தண்ணீர் தேடி அலைவார்.

தண்ணீர் கிடைக்கிறது. ஊற்றுகிறார். வண்டி கிளம்புகிறது. நான்கு வளைவு தாண்டியதும் மறுபடியும் நிற்கிறது.

தண்ணீர் ஊற்றினால் சூடு தணியும். ஆனால் தண்ணீர் எங்கே போயிற்று? ஏன் சூடானது? இதைக் கண்டுபிடிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? சில நூறு ரூபாயில் முடிகிற வேலை முழு எஞ்சின் வேலையாகிவிடும். கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவருக்கு அது பெரிய அடி. வண்டி பட்டறையில் நின்றாலும் தவணை நிற்காது அல்லவா?

எஞ்சினுக்குள் டீசலோ பெட்ரோலோ எரிகிறது. பெரும் சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதிதான் வண்டியை இழுக்கிறது. மீதிச் சூடு வெளியே போக வேண்டும். அதற்காக எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. ஒரு பம்பு அதை ஓட்டுகிறது. சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் பிரிந்து கீழே இறங்குகிறது. காற்று பட்டு ஆறுகிறது. கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது.

சூடான டீயைத் தட்டில் ஊற்றிக் குடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பரப்பி ஊற்றினால் டீ சீக்கிரம் ஆறும். ரேடியேட்டர் செய்வதும் அதே வேலைதான்.

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி அல்ல. பிரஷர் குக்கர் மூடி போன்றது. அதில் ஸ்பிரிங் உண்டு. உள்ளே அழுத்தத்தை அடக்கி வைக்கும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சிம்லா போன்ற மலை ஊரில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் இருந்தால் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ கெட்டுப்போனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். வழிந்தும் போகும். மூடிதானே என்று அலட்சியம் வேண்டாம்.

அந்த மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கண்ணே போகலாம். எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணி, முக்கால் மணி பொறுங்கள். மேல் ஹோஸைத் தொடும் அளவுக்கு ஆறட்டும். பிறகு கனமான துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. சூடேறிய கண்ணாடி டம்ளர் போல எஞ்சின் ஹெட் வெடிப்பு விடலாம்.

இப்போது கோளாறைத் தேடுவோம். முதல் கேள்வி இது. வண்டி எப்போது சூடாகிறது? நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன் இதைத்தான் கேட்பார்.

நெரிசலில் நிற்கும்போது சூடாகிறது, ஓடினால் தணிகிறது என்றால், முதலில் விசிறியைப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும். நிற்கும் வண்டிக்கு விசிறிதான் காற்று. பழைய அம்பாசிடரில் விசிறி, தண்ணீர்ப் பம்பு, பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோ ஆகிய மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றும். சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்து, சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும். அறுபடாத பெல்ட்டும் தளர்ந்து வழுக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். தொங்கினால் இறுக்க வேண்டும்.

மாருதி 800 போன்ற கார்களில் விசிறி மின்சாரத்தில் ஓடும். சூடு ஏறியதும் தானே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ஒயர், சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கவனம்: இந்த வகை விசிறி எஞ்சினை நிறுத்திய பிறகும் திடீரென்று சுற்றலாம். கையை உள்ளே விடாதீர்கள். அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014இல் நின்றுவிட்டது. அதனால் இன்று ஓடுகிற வண்டி எதுவானாலும் வயதான வண்டிதான்.

ஊருக்குள் சரியாக ஓடுகிறது, நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் சூடாகிறது என்றால், தண்ணீரின் ஓட்டம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டியில் பாதிக் குழாய்கள் அடைத்தே கிடக்கும். ஓடிய எஞ்சினை நிறுத்திச் சற்றே ஆறியதும், விசிறி நிற்கும்போது, ரேடியேட்டர் முகத்தைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். சில இடம் சுடும், சில இடம் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை.

வெளிப்புறத்தையும் பாருங்கள். சேறு, பூச்சி, பஞ்சு எல்லாம் காற்றை மறைக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சிலர் ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய ஹாரன், போர்டு, மாலை என்று மாட்டி வைக்கிறார்கள். அழகுதான். ஆனால் காற்று எப்படிப் போகும்?

இன்னொன்று. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் எஞ்சின் திணறிச் சூடாகும். வண்டியை நிறுத்தியதும் சக்கரத்தின் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் கோளாறு அங்கேதான்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது, மேல் ஹோஸ் சுடவே இல்லை என்றால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. இது தண்ணீரின் வழியில் உள்ள சிறு கதவு. சுமார் 80, 85 டிகிரியில் தானே திறக்கும். கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் தெரிந்துவிடும். கொதிக்கும்போதும் திறக்காவிட்டால் புதிது போடுங்கள். சிலர், இது வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் ஓடினால் எண்ணெய் அதிகம் குடிக்கும். தேய்மானமும் கூடும்.

தண்ணீர் அடிக்கடி குறைகிறதா? இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால், அதற்கு நேர் மேலே பாருங்கள். ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டரின் அடிப்பாகம், தண்ணீர்ப் பம்பு, இவற்றில் ஒன்று ஒழுகும். அவசரத்துக்கு மஞ்சள்தூளை ரேடியேட்டரில் போடும் ஓட்டுநர்கள் உண்டு. ஒழுகல் நிற்கலாம். ஆனால் அந்தத் தூள் நல்ல குழாயையும் அடைக்கும். பட்டறை போய்ச் சேர்ந்ததும் முழுவதையும் கழுவிவிடச் சொல்லுங்கள்.

வெளியே ஒரு சொட்டு ஈரமும் இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் அதுதான் கவலை. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. புகைக் குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வரும். எஞ்சின் ஆயில் பால் விட்ட காப்பி போல மாறும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். கயிறு கட்டி இழுத்துப் போவதே லாபம்.

வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் கலந்த தண்ணீர் நல்லது. துருவும் உப்பும் பிடிப்பது குறையும். ஆனால் பல கூலண்டுகள் கொடிய விஷம். இனிப்பாகவும் இருக்கும். குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும். டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? காலையில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருவாகவோ, எண்ணெய் மிதந்தோ இருக்கக் கூடாது. மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் அந்த வண்டி வேண்டாம். போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், "நாளைக்கு வருகிறேன், நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.